பள்ளியைக் குறித்துப் பள்ளியில் வாசித்தல்: கனடாவின் நல்லிணக்கக் கல்வியில் மூன்று சிறார் நூல்கள்

ஆய்வுச்சுருக்கம்

கனடாவின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய சிறார் நூல்கள், அந்நாட்டின் பொதுப்பள்ளிகளில் நல்லிணக்கக் கல்விக்குரிய வாசிப்பு நூல்களாகப் பயன்பட்டு வருகின்றன. அவற்றுள் மூன்று நூல்களின் கதைகூறு முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இழப்பைச் சிறுவர்க்கு உணர்த்துவதில் அவை பெறும் வெற்றியையும், அவற்றை மட்டுமே சார்ந்து கல்வி நடைபெறும்போது விடுபட்டுப்போகும் நிலம், ஒப்பந்தம், மொழி ஆகியவற்றையும் இது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பூர்வகுடிகள், உறைவிடப் பள்ளி, நல்லிணக்கம், சிறார் இலக்கியம், ஒப்பந்தம்

முன்னுரை

கனடாவில் பூர்வகுடிச் சிறுவர்களைக் குடும்பத்திடமிருந்தும் மொழியிடமிருந்தும் பிரித்தெடுப்பதற்கு அரசும் கிறித்தவத் திருச்சபைகளும் கைக்கொண்ட கருவி பள்ளியே. 1,50,000-க்கும் மேற்பட்ட முதற்குடி, இனுயிட், மெட்டிஸ் சிறுவர்கள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இவ்வமைப்பின் இறுதிப் பள்ளிகள் 1990-களில்தான் மூடப்பட்டன. 2008 ஜூன் 11 அன்று கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மரே சின்க்ளேர் தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம், பள்ளிகளில் பயின்று மீண்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, 2015-இல் 94 செயலழைப்புகளை வெளியிட்டது.

அவற்றுள் 62-ஆம் அழைப்பு மூன்று செய்திகளைக் கட்டாயப் பாடமாக்கக் கோருகிறது: உறைவிடப் பள்ளிகளின் வரலாறு, அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான ஒப்பந்தங்கள், பூர்வகுடியினர் அன்றும் இன்றும் நாட்டுக்கு வழங்கிய பங்களிப்பு. மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வயதுக்கேற்ற முறையில் இவை கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. 'வயதுக்கேற்ற முறை' என்ற அத்தொடரே சிறார் நூல்களுக்கு வகுப்பறையில் இன்றுள்ள இடத்தை விளக்குகிறது. கொடுமையை மறைக்காமலும் குழந்தையை அச்சுறுத்தாமலும் சொல்லும் பொறுப்பைப் பாடநூலைவிடப் படநூல் எளிதில் ஏற்கிறது. எனினும், ஒரு பள்ளி செய்த தீங்கை மற்றொரு பள்ளியில் அமர்ந்து வாசிக்கும் மாணவர் எதைக் கற்கிறார் என்னும் வினா எஞ்சுகிறது.

விடைபெறலின் கதை

நிக்கோலா கேம்பெல் எழுதி, கிம் லாஃபேவ் ஓவியம் தீட்டிய 'ஷி-ஷி-எட்கோ' 2005-இல் வெளிவந்தது. பள்ளிக்குச் செல்ல நான்கு நாள்களே எஞ்சியுள்ள சிறுமியின் கதை இது. தாயுடன் ஓடையிலும், தந்தையுடன் தோணியிலும், பாட்டியுடன் காட்டிலும் அவள் அந்நாள்களைக் கழிக்கிறாள். பாட்டி தரும் சிறு பையில் இலை, தழை, மலர்களை நினைவுகளாகச் சேர்க்கிறாள். புறப்படும்முன் அப்பையை ஒரு மரத்தடியில் வைத்துச் செல்கிறாள்.

இந்நூல் பள்ளியின் உள்ளே நுழைவதே இல்லை. இழக்கப்போவது எது என்பதை முழுமையாகக் காட்டிவிட்டு, இழப்பின் வாயிலில் கதை நின்றுவிடுகிறது. உறைவிடப் பள்ளிகள், கல்வியற்றவர்களுக்குக் கல்வி தருவதாகக் கூறியே தம்மை நியாயப்படுத்திக்கொண்டன. தாய், தந்தை, பாட்டி ஆகிய மூவரையும் ஆசிரியர்களாக்குவதன்வழி கேம்பெல் அக்கூற்றை மறுக்கிறார். ஷி-ஷி-எட்கோ பள்ளிக்குச் செல்லும் முன்பே கல்வி பெற்றவள். தாவரங்களின் பெயரறிவும் நீரின் இயல்பும் உறவின் முறைமையும் அவளுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளன. இவ்வாதம் நூலில் எங்கும் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. நிகழ்ச்சிகளின் அடுக்கிலேயே அது அமைந்துள்ளது.

எண்ணும் பெயரும்

ஜென்னி கே டூபுயியும் கேத்தி கேசரும் இணைந்து எழுதி, ஜில்லியன் நியூலண்டின் ஓவியங்களுடன் 2016-இல் வெளிவந்தது 'நான் ஓர் எண் அல்ல'. டூபுயியின் பாட்டி ஐரீனின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட நூல் இது. ஒன்டாரியோவின் நிப்பிசிங் முதற்குடியைச் சேர்ந்த ஐரீன், எட்டு வயதில் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கு அவளது பெயர் நீக்கப்பட்டு 759 என்னும் எண் வழங்கப்படுகிறது. கூந்தல் வெட்டப்படுகிறது, தாய்மொழியில் பேசியதற்குத் தண்டனை கிடைக்கிறது. கோடை விடுமுறையில் வீடு திரும்பும் பிள்ளைகளை மீண்டும் அனுப்புவதில்லை எனப் பெற்றோர் உறுதி பூணுகின்றனர். அரசின் முகவர் தேடி வரும்போது அவர்களை ஒளித்து வைக்கின்றனர்.

தன்மைக் கூற்றில் அமைந்த இந்நூலின் சிறப்பு, கொடுமையைத் தனிமனிதரின் தீய குணமாகச் சுருக்காமல் விடுவதாகும். கன்னியாசிரியர் ஒருவரின் கடுமைக்குப் பின்னால், சட்டத்தைக் காட்டி மிரட்டும் அரசு முகவரும் கதையில் இடம்பெறுகிறார். 1920-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியிருந்தது என்ற வரலாற்றுடன் இணைத்து வாசிக்கும்போது, பெற்றோரின் மறுப்பு வீட்டுக்குள் நிகழ்ந்த அரசியற் செயலாகப் பொருள்படுகிறது. பூர்வகுடிப் பெற்றோரைச் செயலற்ற துயரர்களாகக் காணும் பார்வைக்கு இந்நூல் இடந்தரவில்லை.

வினாவும் விடையும்

டேவிட் ஏ. ராபர்ட்சன் எழுதி ஜூலி ஃபிளெட் ஓவியம் தீட்டிய 'நாங்கள் தனித்திருந்தபோது' 2016-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு கனடாவின் தலைமை ஆளுநர் இலக்கிய விருதைப் பெற்றது. தோட்டத்தில் பாட்டிக்கு உதவும் பேத்தி, பாட்டி வண்ண ஆடை உடுத்துவது ஏன், கூந்தலை நீள வளர்ப்பது ஏன், கிரீ மொழியில் பேசுவது ஏன், உறவினருடன் நேரம் செலவிடுவது ஏன் எனக் கேட்கிறாள். ஒவ்வொரு வினாவுக்கும் பள்ளியில் மறுக்கப்பட்ட ஒன்றே விடையாகிறது.

வாய்மொழி மரபுக்குரிய திரும்பக்கூறல் இந்நூலின் அடிப்படை உத்தி. பள்ளியில் பறிக்கப்பட்டதும், சிறுவர்கள் தனித்திருந்தபோது அதை மறைவாக மீட்டதும், பாட்டியின் இன்றைய வாழ்வும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிமாறி வருகின்றன. கதையின் தொடக்கமும் முடிவும் நிகழ்காலத்தில் அமைவதால், வாசகர் சந்திப்பது மீண்டெழுந்து வாழும் ஒரு பெண்ணை. மூன்று நூல்களுள் மழலை வகுப்புக்கு மிகவும் பொருந்துவது இதுவே.

நூல்களுக்கு வெளியே எஞ்சுவன

இம்மூன்று நூல்களும் உறைவிடப் பள்ளியை மையமாகக் கொண்டவை. 62-ஆம் அழைப்பின் முதற்கூற்றை இவை திறம்பட நிறைவேற்றுகின்றன. இரண்டாம் கூற்றாகிய ஒப்பந்தம் இவற்றின் கதைப்போக்கில் இடம்பெறவில்லை. இதை நூல்களின் குறையாகக் கொள்வது பொருந்தாது. ஒரு படநூல் ஒரு வாழ்வைச் சொன்னாலே போதுமானது. வகுப்பறை இந்நூல்களோடு நின்றுவிடுவதே குறையாகிறது.

ஐரீனின் கதை இதற்குத் தக்க சான்று. நிப்பிசிங் முதற்குடி 1850-ஆம் ஆண்டின் ராபின்சன்-ஹியூரன் ஒப்பந்தத்திற்கு உட்பட்டது. நிலத்தின் வருவாய் பெருகும்போது ஆண்டுத்தொகையும் உயர வேண்டும் என்பது அவ்வொப்பந்தத்தின் கூறு. ஆயினும் 1875 முதல் அத்தொகை ஆளுக்கு 4 டாலர் என்ற அளவிலேயே நின்றது. நெடிய வழக்கின் பின்னரே 2023-இல் 1,000 கோடி டாலருக்கான தீர்வு அறிவிக்கப்பட்டது. 759 என்ற எண்ணை அறியும் மாணவர் 4 என்ற எண்ணையும் அறிய வேண்டும். முதல் எண் இரக்கத்தைத் தோற்றுவிக்கிறது. இரண்டாம் எண், தன் பள்ளி நிற்கும் நிலத்தைப் பற்றிய வினாவைத் தோற்றுவிக்கிறது. அவ்வாறே, 'ஷி-ஷி-எட்கோ' பிறந்த பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்கப்படாத நிலம். இதை அறிந்த வாசகருக்கு அச்சிறுமியின் ஓடை வெறும் இயற்கைக் காட்சியாக அமையாது.

மொழியின் நிலையும் இத்தகையதே. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவின் மக்கள்தொகையில் 5 சதவீதத்தினரான பூர்வகுடியினருள், தம் மொழியில் உரையாடக்கூடியோர் ஏறத்தாழ 13 சதவீதத்தினரே. ராபர்ட்சனின் நூலில் கிரீச் சொற்களைக் கேட்டு நெகிழும் வகுப்பறை, அம்மொழியைக் கற்கும் வாய்ப்பைப் பூர்வகுடி மாணவருக்கு வழங்காவிடில், பாட்டியின் விடை பாதியிலேயே நின்றுவிடும்.

வாசகர் அனைவரும் ஒரே நிலையில் இல்லை என்பதும் கருதத்தக்கது. ஒரு மாணவருக்கு வரலாறாக இருப்பது, அருகிலிருப்பவருக்குத் தன் பாட்டியின் வாழ்வாக இருக்கலாம். அம்மாணவரை வகுப்பின் சான்றாளராக்காமல் காப்பது ஆசிரியரின் பொறுப்பு. ஆசிரியர் பயிற்சிக்கு நிதி ஒதுக்குவதையும் 62-ஆம் அழைப்பு உள்ளடக்கியிருப்பது இதனாலேயே. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கனடாவில் பயிலும் தமிழ்ச் சிறுவர் உட்பட, இவ்வரலாறு பிறருடையதாகத் தோன்றக்கூடும். 2021-இல் திருத்தப்பட்ட குடியுரிமை உறுதிமொழி பூர்வகுடியினரின் ஒப்பந்த உரிமைகளை ஏற்கச் செய்வதால், அவர்தம் பெற்றோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே.

முடிவுரை

கனடாவில் கல்வி மாகாணங்களின் அதிகாரத்திற்குரியது. ஆகவே நல்லிணக்கக் கல்வியும் மாகாணத்திற்கு மாகாணம் வேறுபடுகிறது. ஒன்டாரியோவில் 2018 ஜூலையில் இதற்கான பாடத்திட்ட எழுத்தமர்வுகள் நிறுத்தப்பட்டன. பிரிட்டிஷ் கொலம்பியாவோ, 2023-24 கல்வியாண்டு முதல், பூர்வகுடிகள் சார்ந்த பாடமொன்றைப் பள்ளியிறுதித் தேர்ச்சிக்குக் கட்டாயமாக்கியது. பாடத்திட்டம் உறுதியற்றிருக்கும் இடத்தில் சிறார் நூல் தன் ஆற்றலுக்கு மீறிய சுமையைத் தாங்க நேர்கிறது. செப்டம்பர் 30 ஆகிய உண்மை, நல்லிணக்க நாளில் எடுக்கப்பட்டு மறுநாள் அலமாரிக்குத் திரும்பும் நூல், துயரத்தை உணர்த்தினாலும் கடமையை உணர்த்துவதில்லை.

ஆய்வுக்குட்பட்ட மூன்று நூல்களும் ஒரே கருத்தை வெவ்வேறு வழிகளில் நிறுவுகின்றன: பள்ளி அழிக்க முயன்ற கல்வியைக் குடும்பங்கள் காத்தன. அக்கல்விக்குப் பொதுப்பள்ளி தன் பாடத்திட்டத்திலும் மொழி வகுப்பிலும் ஆசிரியர் நியமனத்திலும் எவ்வளவு இடமளிக்கிறது என்பதே நல்லிணக்கத்தின் அளவுகோல். அவ்விடம் கிடைக்கும்போதுதான், ஷி-ஷி-எட்கோ மரத்தடியில் வைத்துச் சென்ற பையை மீட்டெடுக்கும் வாய்ப்பு அவளுக்குப் பின் வந்த தலைமுறைக்குக் கிட்டும்.