கோதடியின் பின்பக்கம்

மலர்க் குழுவினர் இந்த வருடமும் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல நீலகேசியைப் பற்றியோ சீவக சிந்தாமணியைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்தத் தடவை ஏடு இல்லை, துணி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து அகமதாபாத்துக்கு வந்து நாற்பது வருடமாகக் கட்பீஸ் வியாபாரம் செய்கிறேன். துணியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. கலையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்; கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்கணும், அவ்வளவுதான்.

சென்ற குளிர்காலத்தில் நம் குடும்பங்கள் சிலவும், அவர்களுடைய குஜராத்தி, வங்காளி சிநேகிதிகளும் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்துக் கண்காட்சி வைத்தார்கள். குயில்ட் என்று ஆங்கிலத்தில் சொல்வதை இங்கே கோதடி என்பார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பட்டறை, மூன்று நாள் கண்காட்சி, மொத்தம் பதினொரு கோதடி. துணி என் கடையிலிருந்து போனது. அந்தக் கண்காட்சியைப் பற்றிய விமர்சனம்தான் இது. நண்பர்கள் செய்த வேலையை விமர்சிக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நண்பர்கள் செய்ததைத்தான் விமர்சிக்கணும். ஊரார் செய்ததை விமர்சித்து நமக்கு என்ன பயன்?

நல்லதும் சுமாரானதும்

பழைய துணியில் செய்யும் கலைக்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. அந்தத் துணி முன்னால் எப்படி வாழ்ந்தது என்பது போர்வையில் தெரியணும். நம் 'கந்தை'யும் வங்காளத்துக் 'காந்தா'வும் ஒரே சொற்குடும்பம் என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். உடுத்து நைந்த சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை ஆக்குவது காந்தா. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லி நம் பழமொழி நிறுத்திக்கொண்டது. வங்காளத்துப் பெண்கள் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள்.

இந்த அளவுகோலில் இரண்டு கோதடிகள் தேறின. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பள்ளிச் சீருடையின் நீலத்தையும் வெள்ளையையும் மட்டும் வைத்துத் தைத்தது ஒன்று. மை படிந்த சட்டைப் பையைக்கூட அவர் பிரிக்கவில்லை, அப்படியே வைத்துத் தைத்துவிட்டார். கணவரை இழந்த ஓர் அம்மா அவருடைய லுங்கிகளில் தைத்தது இன்னொன்று. கட்டங்கள் நேராக இல்லை. இருந்தும் அதன் முன் நின்றவர்கள் சீக்கிரம் நகரவில்லை.

சுமாரானவையும் உண்டு. கோபுரம் ஒன்றைத் துணியில் வெட்டி, பசையால் ஒட்டி, மேலே ஜிகினா தூவியிருந்தார்கள். பசை ஒரு மழைக்காலம்தான் தாங்கும், தையல் ஒரு தலைமுறை தாங்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்ச்சீலைகளையும் தொம்பைகளையும் பாருங்கள். வெட்டி வைத்த ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் தைத்திருக்கும். காற்றில் ஆடவேண்டிய துணி என்பது அந்தத் தையற்காரர்களுக்குத் தெரியும்.

நடுநாயகமாக மாட்டியிருந்தது எல்லோரும் சேர்ந்து செய்த பெரிய கோதடி. ஆளுக்கு ஒன்றாக இருபத்து நான்கு சதுரம். பொருள் 'வீடு'. சதுரங்களுக்கு நடுவே அடர்சிவப்புப் பட்டிகள் ஓடின. சில இடங்களில் ஒரு விரல் அகலம், சில இடங்களில் அரை விரல். திறப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். "இந்தச் சிவப்புப் பட்டிகள்தான் உயிர். ஒரே அளவில் போட்டிருந்தால் ஜன்னல் கம்பி மாதிரி இருந்திருக்கும்" என்றேன். கைதட்டினார்கள்.

பட்டியின் கதை

அந்தப் பட்டியை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. சதுரம் தைத்து முடிந்தபின் பன்னிரண்டு அங்குலம் வரணும் என்று முடிவு செய்திருந்தார்கள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். ஆகவே பன்னிரண்டரை அங்குலம் வெட்டணும். பாதிப்பேர் பன்னிரண்டரை வெட்டினார்கள், மீதிப்பேர் பன்னிரண்டே வெட்டினார்கள். ஐந்தாம் ஞாயிறன்று சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு வீட்டுக்காரம்மா, பாத்திரத்துக்குப் பழைய துணி வாங்க அந்தத் தெருவுக்கு வரும் பென்னைக் கூப்பிட்டார். இந்த ஊரில் பெண்களைப் பென் என்று சொல்வோம், அக்கா என்பதுபோல. அவர் டேப்பைத் தொடவே இல்லை. சாணால் அளந்தார். சின்னச் சதுரங்களைச் சுற்றிச் சிவப்புப் பட்டி வைத்துப் பெரிதாக்கி, எல்லாவற்றையும் ஓர் அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டினார். மூன்று நாள் வேலை. நான் மேடையில் உயிர் என்று சொன்னது அவருடைய ஒட்டுவேலையை.

கண்காட்சி அட்டையில் இருபத்து நான்கு பேர் பெயர் இருந்தது. கீழே, 'துணி உபயம்' என்று என் பெயர் எல்லோரையும்விடக் கொட்டை எழுத்தில். பென்னின் பெயர் இல்லை.

கோதடி சுவரோடு ஒட்டித் தொங்கியதால் பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கழற்றும்போது பார்த்தேன். முன்பக்கம் இருபத்து நான்கு பேர் கைவேலை. பின்பக்கம் முழுக்க ஒரே கை, ஒரே சீரான ஓட்டம். ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன். "அவங்களும் நம்ம ஃபிரெண்ட் மாதிரிதானே அங்கிள், தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றார்கள். கெட்ட எண்ணம் இல்லை, மறதிதான். ஆனால் மறதி எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது.

வெளியூர்ப் பாடம்

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் வாழும் இடம். அங்குள்ள பெண்கள் குளிருக்காகக் கிழிந்த வேலை உடைகளில் போர்வை தைத்தார்கள். 1966-ல் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள். 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஆர்டர் வந்தது. மிஞ்சிய வெட்டுத்துண்டுகளும் போர்வையாயின. வெட்டுத்துண்டு வியாபாரி என்கிற முறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சி, பிறகு நியூயார்க். 2006-ல் தபால்தலைகூட வந்தது. எல்லாப் போர்வைக்கும் பக்கத்தில் தைத்தவர் பெயர் இருந்தது. ஆனாலும் 2007-ல் அந்தப் பெண்களில் சிலர், வருமானத்தில் தங்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அது முடிவுக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் நீதிபதி இல்லை. பெயர் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது என்பதுதான் நமக்குப் பாடம்.

இன்னொன்று எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. எட்டுத் துண்டு சேர்ந்தால் பன்னிரண்டடிச் சதுரம். வெளியே சொல்லக் கூசிய சாவுகளுக்கு, உறவினரும் நண்பர்களும் ஊசி நூலால் பெயர் எழுதினார்கள். கூட்டாகத் தைப்பதற்கு உலகிலேயே பெரிய உதாரணம் இது. அங்கே வடிவம், நிறம் எல்லாம் பெயருக்குப் பின்னால்தான்.

நம் நாட்டிலேயே, வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். மூலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த முக்கோணத் துண்டு வைத்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி. 2011-ல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அவை காட்சிக்கு வந்தன. மாடலுக்குப் புத்தகம் தேடும் நம் சிநேகிதிகள் அவற்றைப் பார்க்கணும்.

என் கணக்கு

இப்போது என் தப்புக்கு வருகிறேன். பட்டறை தொடங்கியபோது பட்டுச் சேலைத் துண்டுகள் வந்தன. நான் சமணன். பட்டுக்காகக் கூட்டோடு வெந்நீரில் போடும் புழுவை நினைத்தால் எனக்கு ஆகாது. வேண்டாம் என்று வாதாடினேன். "பழைய சேலைதானே, புதுசாக் கொல்லலையே" என்றார்கள். நான் விடவில்லை. பருத்தியும் பட்டும் ஒரே மாதிரி சுருங்காது, தையல் இழுக்கும் என்று வியாபாரக் காரணமும் சொல்லி ஜெயித்தேன். புழுவுக்காக அரை மணி நேரம் வாதாடிய எனக்கு, மூன்று நாள் தரையில் குனிந்து உட்கார்ந்து நூலோட்டியவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அகிம்சை என்று வாய் நிறையப் பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. முதல் ஆள் நான்தான்.

அடுத்த வாரம் பென் தெருவுக்கு வந்தபோது போய் நின்றேன். பெயர் விட்டுப்போனதற்கு வருத்தம் தெரிவித்தேன். சின்ன உரையே நிகழ்த்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்துவிட்டார். "பேர் கிடக்கட்டும் சேட். மூணு நாளா நான் தெருவுக்குப் போகலையே, அந்தக் கூலி யார் தருவாங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பெயர் விட்டுப்போனதையாவது கவனித்தேன். கூலி கொடுத்தார்களா என்று நானும் கேட்கவில்லை. நண்பர்கள் எல்லோரும் ஆசைக்குத் தைத்தார்கள். ஆசைக்குக் கூலி கிடையாது. அவர் தைத்தது பிழைப்பு. இரண்டையும் நட்பு என்ற ஒரே பையில் போட்டது எங்கள் பிழை. கூலியைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டோம். தாமதமாகக் கொடுத்தது பெருமை இல்லை, அதனால் தொகையை எழுதவில்லை.

அடுத்த முறைக்கு

மறுபடியும் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். வைக்கணும். பிள்ளைகள் ஊசி பிடிக்கக் கற்றார்கள். ஒரே கட்டடத்தில் பத்து வருடம் இருந்தும் பேசாதவர்கள் பேசிக்கொண்டார்கள். சின்ன காரியம் இல்லை. என் யோசனைகள் இவை:

பட்டறைக்கு முன்பே யார் நண்பராக வருகிறார், யார் வேலைக்கு வருகிறார் என்று பிரித்து, வேலைக்கு வருபவருக்குக் கூலி பேசிவிடுங்கள். கற்றுக்கொடுப்பவருக்கும் சம்பளம் உண்டு. கோதடி விலை போனால் பணம் யாருக்கு என்று அன்றே எழுதி வையுங்கள். துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஓர் அட்டை வெட்டி எல்லோருக்கும் கொடுங்கள். மாட்டும்போது மேல் ஓரத்தின் பின்னால் நாலு அங்குலக் குழாய்த் துணி தைத்துக் கம்பி கோத்து, சுவரை விட்டுத் தள்ளித் தொங்கவிடுங்கள். ஆட்கள் சுற்றி வந்து பின்பக்கமும் பார்க்கட்டும். பெயர்களை அட்டையில் மட்டும் அச்சடிக்காமல் துணியிலேயே தைத்து வையுங்கள். அட்டை தொலைந்துவிடும்.

பெரிய கோதடியின் பின்பக்க மூலையில் இப்போது இருபத்தைந்தாவது பெயர் தைத்திருக்கிறது, குஜராத்தி எழுத்தில். அதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். இந்த மலரில் அச்சடிக்க நான் சம்மதம் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த கண்காட்சிக்கு வாருங்கள். 'துணி உபயம்' என்ற வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். வெட்டுத்துண்டு கொடுத்ததெல்லாம் உபயம் இல்லை. கடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சரக்கு அது.