தோன்றா எழுவாய்: 'நீடித்த வளர்ச்சி'ப் படிப்பும் தாமிரபரணியும்

நீடித்த வளர்ச்சி, நிலையான வளர்ச்சி, நிலைத்தகு வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி, இலங்கைத் தமிழில் நிலைபேறான அபிவிருத்தி. ஒரே ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் இத்தனை பெயர்கள் புழங்குகின்றன. எது சரியான மொழிபெயர்ப்பு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாக்கியத்தைப் பார்த்ததும் எழுவாய் எங்கே என்று தேடுவான். 'வந்தேன்' என்றால் 'நான்' உள்ளே ஒளிந்திருப்பது விகுதியிலேயே தெரிந்துவிடும். அதைத்தான் தோன்றா எழுவாய் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 'பேண்தகு' என்பதில் பேணுகிறவர் யார்? 'நீடித்த' என்பதில் நீடிப்பது எது, யாருக்காக, யாருடைய உழைப்பில்? 'இயற்கை வளங்கள் பாதுகாக்கப்பட வேண்டும்' என்று ஆய்வேடுகள் முடிகிறபோது செயப்படுபொருளே எழுவாயின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. செய்கிற ஆளைக் காணோம், எந்த விகுதியைப் பிடித்தும் கண்டுபிடிக்க முடியாது. முதுகலை வகுப்புகளில் இந்தப் படிப்பின் 'சமூகப் பக்கம்' என்று சொல்லப்படுவது இந்தக் காணாமல்போன ஆளைப் பற்றிய கேள்விதான் என்பது என் வாதம். அது ஒரு பக்கம் அல்ல, நடுப்பிரச்சினை.

இந்தச் சொல்லாடலின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1987-இல் புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, 1992-இல் ரியோ மாநாடு, 2015-இல் ஐ.நா. அவையின் 17 இலக்குகள். சுற்றுச்சூழல், பொருளாதாரம், சமூகம் என்று மூன்று தூண்கள். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தலைமுறையின் தேவையை நிறைவேற்றுவது என்ற வரையறையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒப்பிக்கும். அந்த வரையறைக்கு அடுத்தாற்போலவே, தேவை என்று பேசும்போது உலகத்து ஏழைகளின் தேவைக்குத்தான் முதலிடம் என்று அதே அறிக்கை சொல்கிறது. பாடப்புத்தகங்களுக்கு முதல் வாக்கியம் வந்துசேர்ந்தது. இரண்டாவது வரும் வழியிலேயே எங்கோ இறங்கிப் போய்விட்டது.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர்களுக்காகத் தயாரித்த பாடத்திட்டத்தில் எட்டு அலகுகள். வளங்கள், சூழல் அமைப்புகள், பல்லுயிர், மாசு எல்லாம் முடிந்து ஆறாவதாக வருகிறது 'சமூகப் பிரச்சினைகளும் சுற்றுச்சூழலும்'. மக்களை இடம்பெயர்த்தலும் மறுவாழ்வும் அதற்குள் ஒரு வரி. முதலில் இயற்கை என்ற பிரதி, பிறகு மனிதர் என்ற பிற்சேர்க்கை. இந்த வரிசையை மனதில் ஏற்றிக்கொண்டுதான் நம் பிள்ளைகள் முதுகலைக்கு வருகிறார்கள். நெல்லையில் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது, அபிஷேகப்பட்டியில் சமூகவியல் துறை இருக்கிறது. இந்த ஊரின் குறை என்று இதைச் சொல்லவில்லை; உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. ஆற்றுத் தண்ணீர் ஒரு கட்டடத்தில், ஆற்றங்கரை ஆட்கள் இன்னொரு கட்டடத்தில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வருகிற மாணவருக்குக் கையில் கிடைக்கிற ஒரே பாலம் வினாநிரல்.

அப்படியொரு வினாநிரலைத் தமிழ் திருத்தித் தரச்சொல்லி ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, ஸ்டேக்ஹோல்டர்னா பங்குதாரர்னு போட்டிருக்கேன். சரிதானே?" பட்டியலில் வனத்துறை, கம்பெனி, உள்ளாட்சி, அதற்குப் பிறகு தொழிலாளர். "கொழுந்து கிள்ளுனவங்களுக்கு அதுல எந்தப் பங்கு தம்பி?" என்று கேட்டேன். சிரித்தார். எங்கள் பக்கத்தில் பங்குதாரர் என்றால் வயலிலோ கடையிலோ உரிமையுள்ள பங்கு வைத்திருப்பவர். ஒரு குத்து மண்ணுக்கும் உரிமையில்லாதவரைப் பங்குதாரர் பட்டியலில் நாலாவதாகச் சேர்ப்பது, சொல்லளவில் சமத்துவத்தைக் கொடுத்துவிட்டு உரிமை பற்றிய பேச்சை முடித்துவிடுகிற காரியம். வினாக்களுக்குக் கீழே ஐந்து கட்டங்கள், 'முழுமையாக உடன்படுகிறேன்' தொடங்கி. வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்பட்ட ஒரு அம்மா இதில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? 'கருத்து இல்லை' என்ற நடுக்கட்டம் அவருக்காகவே காத்திருப்பது மாதிரி இருக்கிறது. மாணவரைக் குறை சொல்லி என்ன பண்றது, அவருக்குத் தந்த கருவி அது.

அவர் எடுத்த களம் மாஞ்சோலை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தப் படிப்பைப் படிக்கிறவர் தப்பித்துப்போக முடியாத களம் அது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. மழைக்காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களும், தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் குடியிருந்து கொழுந்து எடுத்தவர்களும் பெரும்பாலும் தலித் மக்கள். மலையைச் சுற்றியிருந்த களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் 1988-இல் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. 2018-இல் அந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிவது 2028-இல் என்றாலும் 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது; தொழிலாளர்கள் மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. எஸ்டேட்டை அரசின் டான்டீ எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதில் சூழலியல் தரப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அது தாமிரபரணியின் நீர்ப்பிடிப்பு மலை, சோலைமந்தியின் வீடு. தேயிலைத் தோட்டத்தைப் பச்சையாக இருப்பதால் காடு என்று நினைப்பது சுற்றுலாக்காரனின் பார்வை. அது காடு அழிந்த இடம். காடு திரும்ப வரட்டும். ஆனால் வெட்டச் சொன்னவர் ஒருவர், குத்தகைக்கு விட்டவர் ஒருவர், லாபம் எடுத்தவர் ஒருவர். காட்டை மீட்பதற்கான விலையைக் கொடுக்கிறவர் மட்டும் நாலாவது ஆள், கூலிக்கு வெட்டியவர். 'இயற்கையா, மனிதனா' என்ற எதிர்வைக் கட்டமைத்தவுடன் இந்த நாலு பேரும் 'மனிதன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். ராமச்சந்திர குஹா 1989-இல் அமெரிக்கக் கானகவாதத்தை விமர்சித்து எழுதிய கட்டுரை எழுப்பிய பிரச்சினையும் இதுதான்: ஆளில்லாக் கானகம் என்ற லட்சியம் இங்கே இறக்குமதியாகும்போது அதற்கான செலவு ஏழைகளின் கணக்கில் எழுதப்படுகிறது.

வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்ததே இந்தக் கணக்கைத் திருத்தத்தான். பழங்குடி அல்லாத வனவாசிகளும் உரிமை கோரலாம். நிபந்தனை என்ன? 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் குடியிருந்து காட்டை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1930 டிசம்பர் வருகிறது. குத்தகையோ 1929-இல். ஆக, முதல் குடும்பங்கள் எந்த வருஷம் மலையேறின என்பது ஆச்சி சொல்லும் பழங்கதை மட்டும் அல்ல, சட்டக் கேள்வி. அதைத் தாண்டினாலும் அடுத்த கேள்வி நிற்கிறது. கம்பெனிக் கூலியில் வாழ்ந்தவர் 'காட்டை நம்பி வாழ்ந்தவர்' ஆவாரா? தேன் எடுத்தால் வனவாசி, கொழுந்து எடுத்தால் தொழிலாளி. சட்டத்தின் மொழியில் இவர்களுக்கு இடம் கிடைப்பது இத்தனை கடினம்.

தமிழ்த்துறைக்காரன் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திணைக் கோட்பாட்டைச் சூழலியலின் மூதாதை என்று காட்டும் ஆய்வேடுகள் கடந்த முப்பது வருஷத்தில் குவிந்துவிட்டன. முதல், கரு, உரி என்ற மூன்று பொருளையும் மூன்று தூணோடு பொருத்திப் பார்ப்பவர்கள்கூட உண்டு. நிலம், பொழுது, மரம், பறை, தெய்வம், தொழில் என்று ஒரு நிலத்தின் எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கிற சிந்தனை அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. உரையாசிரியர்கள் அந்தப் புறத்தைக் கைக்கிளை, பெருந்திணை என்று கொண்டார்கள். பிறருக்கு வேலை செய்கிறவரின் காதல் நிலத்தோடு பொருந்திய காதலாக முடியாது. நம் பெருமைக்குரிய 'சூழலியல்' பிரதியிலேயே, ஒரு நிலத்துக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு உழைப்பவரை வெளியே நிறுத்தித்தான் பதில் எழுதப்பட்டிருக்கிறது. மாஞ்சோலைக்காரர்கள் காட்டுக்கு உரியவர்கள் இல்லை என்ற இன்றைய பேச்சை அதன் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்று முடிக்கிற ஆய்வேடு இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

மலையில்தான் இப்படி, சமவெளியில் ஊர்கூடிக் குளம் பேணினோமே என்று கேட்கலாம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் குளங்களும் நெடுங்காலம் நீடித்ததற்கு உலகில் எங்கேயும் காட்டத்தக்க எடுத்துக்காட்டு. பொதுவளத்தைச் சமூகங்கள் தாமே நிர்வகிக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் காட்டினார், 2009-இல் நோபல் பரிசும் வந்தது. முதுகலை வகுப்பில் இவரைப் படிக்கிற மாணவர் உடனே குடிமராமத்தைத் தொட்டுப் பெருமைப்படுவார். கூடவே டேவிட் லட்டனையும் படிக்க வேண்டும்: திருநெல்வேலி வேளாண் சமூகம் பற்றிய அவருடைய 1985-ஆம் ஆண்டு நூல், ஆற்றுப் பாசன நன்செய் பிராமண, வேளாள ஆதிக்கத்தில் எழுந்ததைக் காட்டுகிறது. ராமநாதபுரத்துக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003-இல் எழுதியது, தண்ணீர் முறைகள் எப்போதும் அதிகார முறைகளாகவே இருந்தன என்பது. குடிமராமத்து என்ற 'மரபு'க்குப் பின்னால் 1858-இல் மதராஸ் அரசு கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டமும் இருக்கிறது. நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்த ஆள், மடை திறந்து ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவர், பல இடங்களில் தலித். தண்ணீரைப் பங்குபோட்டவருக்குத் தண்ணீரில் பங்கில்லை. குளம் நீடித்தது, அவர் நிலையும் நீடித்தது. எது நீடிக்க வேண்டும் என்று கேட்காத நீடித்தலால் நமக்கு என்ன லாபம்?

1999 ஜூலை 23. சிறையிலிருந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுதலை செய்யவும் கூலியை உயர்த்தவும் கோரிக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அதைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்துக்கு 'நதியின் மரணம்' என்று பெயர் வைத்தார். ஒரு சுற்றுச்சூழல் மாணவர் இந்தத் தலைப்பைப் பார்த்தால் கழிவுநீரும் மணற்கொள்ளையும் பற்றிய படம் என்றுதான் நினைப்பார். நினைப்பதில் தப்பில்லை, அவையும் உண்மை. ஆனால் ஆற்றின் சாவு என்பதில் ஆற்றில் செத்த கூலிக்காரரைச் சேர்த்து எண்ணுகிற பார்வை அந்தத் தலைப்பில் இருக்கிறது. நம் முதுகலைப் பாடத்திட்டம் எட்டவேண்டிய இடம் அது. தாமிரபரணியின் 'நீர்த்தரம்' பற்றிய அத்தியாயத்தில் அந்தத் தேதி வருமா என்பதை வைத்தே ஒரு பாடத்திட்டத்தை எடைபோடலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்கும் இளம் ஆய்வாளர்களுக்கு நடைமுறையாகச் சில. வினாநிரலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மலையிறங்கிய குடும்பங்கள் கீழே சிதறிக்கொண்டிருக்கின்றன. சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு, பள்ளிக்கூட டி.சி., கோயில் கொடை நோட்டீஸ், கல்லறைக் கல் எல்லாம் ஆவணம். இவற்றைச் சேகரித்தால் யார் எப்போது மலையேறினார் என்ற கேள்விக்குச் சட்டத்தின் முன் நிற்கும் பதில் கிடைக்கலாம். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த பெண்ணுக்குக் காட்டின் மழை, ஓடை, விலங்குத் தடம் பற்றித் தெரிந்ததைப் பதிவுசெய்யுங்கள், 'தகவலாளி' என்று அடிக்குறிப்பில் போடாமல் அறிவாளியாக மதித்து. காட்டை மீட்கும் வேலையில் களை பிடுங்கவும் நாற்று வளர்க்கவும் ஆள் வேண்டும். அந்த வேலையும் அதற்கான நியாயமான கூலியும் யாருக்கு முதலில் என்பதை ஆய்வேட்டின் முடிவுரையிலாவது எழுதுங்கள். செயப்பாட்டுவினையில் எழுதாதீர்கள். யார் வெட்டச் சொன்னார், யார் வெட்டினார், யார் வெளியேறினார் என்று ஆளைச் சொல்லி எழுதுங்கள்.

இன்று இந்தப் படிப்புக்கு வருகிற பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அவர்களில் எஸ்டேட் பிள்ளைகளும் உண்டு. தன் தாயைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலத் தரவாக எழுதச்சொல்லும் முறையியலைத்தான் நாம் அவர்களுக்குக் கற்பிக்கிறோம். அந்தப் பிள்ளை 'நாங்கள்' என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா என்பதை நெறியாளர்கள் யோசித்து ஒரு பதில் சொல்ல வேண்டும். 2028-க்கு அதிக நாள் இல்லை.