வயிற்றுக்குள் கத்திய ஆடு

எனக்கு ஊர் சாயர்புரம் என்று சொன்னால் சென்னையில் பத்துக்கு ஒன்பது பேர், 'அது எங்க சார் இருக்கு?' என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து ஏரல் போகிற வழி. அதற்கும் விழித்தால், 'ஜி.யு. போப் இருந்த ஊர்' என்பேன். 'ஓ... திருக்குறள் போப்பா!' என்று முகம் மலர்ந்துவிடும். 1842-ல் எங்கள் ஊருக்கு வந்து பாடசாலை நடத்தியவர், 1886-ல் குறளை இங்கிலீஷில் கொண்டுவந்தார். அதில் 26-வது அதிகாரம், புலால் மறுத்தல். அதையும் சிரத்தையாகத்தான் மொழிபெயர்த்தார். ஆனால், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) அவர் பேர் சொல்லும் அதே ஊரின் தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதிக்கும்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு எப்படியோ 'அன்னபூரணி' பக்கம் திரும்பிவிட்டது. நயன்தாராவுக்கு 75-வது படம். நீலேஷ் கிருஷ்ணா இயக்கியது. 2023 டிசம்பர் 1-ம் தேதி தியேட்டருக்கு வந்தது; நாலாவது நாள் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. மாசக் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் ஏறி, பொங்கலுக்கு முன்னாடியே இறக்கப்பட்டது. புகார், போலீஸ், தயாரிப்பு நிறுவனத்தின் மன்னிப்பு, பிறகு நயன்தாராவின் மன்னிப்பு. ராமர் வனவாசத்தில் இறைச்சி சாப்பிட்டதாக ஒரு பாத்திரம் பேசுகிற வசனம்தான் முக்கியமான பிரச்னை.

படத்தை இறக்கினது அநியாயம். பிடிக்காதவர்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனா ஒரு படம் தடை வாங்கிவிட்டது என்பதற்காக அது நல்ல படம் ஆகிவிடாது. அந்தக் களேபரத்தில் படத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு விஷயம் பேசாமலே போய்விட்டது.

கதை தெரியும்தானே? ஸ்ரீரங்கம் கோயில் மடப்பள்ளியில் பிரசாதம் செய்கிறவரின் மகள். பெரிய செஃப் ஆக வேண்டும் என்பது சின்ன வயசுக் கனவு. வீட்டுக்குத் தெரியாமல் கேட்டரிங் படிக்கப் போகிறாள். அங்கே கறியை வெட்டணும், சமைக்கணும், ருசி பார்க்கணும். தயங்குகிறாள். நண்பன் ஃபர்ஹான் (ஜெய்) வால்மீகி ராமாயணத்தை எடுத்து வைத்து வாதாடுகிறான். அவள் மனசு மாறுகிறாள்.

நான் சீட்டு நுனிக்கு வந்தது இந்த இடத்தில்தான். மடப்பள்ளி வாசனையில் வளர்ந்த ஒரு பெண்ணின் நாக்கில் முதல் துண்டுக் கறி படப் போகிறது. சாதாரண நாக்கா அது? புளியோதரையில் ஒரு கல் உப்பு கூடினால் கண்டுபிடித்துவிடுகிற நாக்கு. அருவருப்பா, ஆச்சரியமா, 'அட, இவ்வளவுதானா?' என்கிற ஏமாற்றமா, இல்லை... இன்னொரு துண்டு வேணும் என்கிற ஆசையா? அந்த நாக்குக்கு என்ன ஆச்சு என்று படம் நின்று கேட்கவே இல்லை. படிப்புக்காகச் சாப்பிடுகிறாள், லட்சியத்துக்காகச் சாப்பிடுகிறாள், சாஸ்திரத்தில் இடம் இருப்பதால் சாப்பிடுகிறாள். ஆசைப்பட்டுச் சாப்பிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது! பின்னால் ஒரு விபத்தில் அவள் சுவை உணர்வையே இழக்கிறாள். எனக்கென்னவோ முதல் பாதியிலேயே டைரக்டர் அதைப் பிடுங்கிவிட்டார் என்றுதான் தோன்றியது.

(அனுமதிச் சீட்டுதான் வேணும் என்றால் வால்மீகி வரைக்கும் போயிருக்க வேண்டாம். கபிலர் நம்ம ஆள். தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்டவர். புறநானூறு 14-வது பாட்டில், ஊன்சோறு சாப்பிடுகிற வேலையைத் தவிர வேறு வேலை தெரியாததால்தான் எங்கள் கை இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று சேர அரசனிடம் கூச்சமே இல்லாமல் சொல்கிறார். எந்த ஸ்டேஷனிலும் புகார் வந்திருக்காது.)

இந்த விஷயத்தை நேர்மையாக எழுதினவர் ஒருத்தர் இருக்கிறார். காந்தி. 'சத்திய சோதனை'யை ஸ்கூல் பரிசாக வாங்கி அலமாரியில் வைத்தவர்கள், அந்த ரெண்டு அத்தியாயத்தை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள். ராஜ்கோட்டில் பள்ளிக்கூடப் பையன். ஆற்றங்கரையில் ஆள் இல்லாத இடம். பேக்கரி ரொட்டி, ஆட்டுக்கறி. கறி தோல் மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது, பாதியில் எழுந்துவிடுகிறார். ராத்திரி தூக்கத்தில் வயிற்றுக்குள் உயிருள்ள ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது.

ஆடு கத்தின இந்த இடத்தை எல்லாரும் சொல்வார்கள். சைவப் பிரசங்கங்களில் கைதட்டல் வாங்குகிற இடம். அதுக்கு அடுத்தாற்போல் வருவதை யாரும் சொல்வதில்லை. நண்பன் சளைக்காமல் விதவிதமாகச் சமைக்க வைக்கிறான். சாப்பாட்டு ஹால், மேஜை, நாற்காலி எல்லாம் ஏற்பாடாகிறது. ஆட்டின் மேல் இருந்த இரக்கம் போய்விட்டது, கறிப் பதார்த்தங்களை ருசித்துச் சாப்பிடவே ஆரம்பித்துவிட்டேன் என்று காந்தியே எழுதுகிறார். ஒரு வருஷத்தில் ஆறு தடவை போல. ஆறோடு நிறுத்தினாரே, ஆடு கத்தினதாலா? இல்லை. கறி சாப்பிட்டுவிட்டு வந்து, பசி இல்லை என்று அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் அவரை அரித்தது. பெற்றவர்கள் காலத்துக்குப் பிறகு பகிரங்கமாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் அப்போதைக்கு முடிவு செய்கிறார். மகாத்மாவின் சைவம் அன்றைக்கு வெறும் ஒத்திவைப்பு!

இவ்வளவு ஒப்புக்கொள்கிற காந்திக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டதுதான் வேடிக்கை. வெள்ளைக்காரன் கறி தின்றுதான் நம்மை ஆள்கிறான், நாமும் தின்றால் அவனை விரட்டலாம் என்கிற தேசபக்தி. சொல்லிக்கொடுத்தவன் நண்பன். சுயசரிதையில் அவனுக்குப் பேர் இல்லை. ஷேக் மேத்தாப் என்று மற்றவர்கள்தான் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் அவன் கெடுத்தவன். 'அன்னபூரணி'யில் ஃபர்ஹான் நல்லவன். ஆக மொத்தம் சைவக்காரர் வாய் வைக்க வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு சிநேகிதன் நிற்க வேண்டும். பழியோ, புகழோ, அவன் கணக்கில் எழுதியாகணும். பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன்: பற்று யாருடையது என்றே தெரியாத பேரேடு இது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், நானும் ஒரு மேத்தாப்.

காலேஜில் என்னோடு படித்தவன் ஒரு சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாழையிலையில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. சாப்பிட்டான். ரெண்டு வாரத்தில் எப்படியோ அவர்கள் வீட்டுக்குத் தெரிந்துபோனது. அதற்குமுன் அடுப்படி வரைக்கும் போய்த் தண்ணீர் மோந்து குடித்தவன் நான். அடுத்த தடவை போனபோது அவன் அம்மா திண்ணைக்கே செம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குரலில் கோபமே இல்லை. ''வெயில்ல வந்திருக்க, குடிப்பா'' என்றார்கள். அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை, அப்புறமும் போகவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையை நானே, 'நான் கெடுத்த பையன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதி குற்ற உணர்ச்சி, பாதி பெருமை. இப்போது அவன் சுத்த சைவம். கோயம்புத்தூரில் இருக்கிறான். போனில் பேசிக்கொள்வோம். அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றி மட்டும் ரெண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை.

இந்தக் கட்டுரைக்காக ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். ''அன்னைக்கு அவன் பிள்ளைமார் வீட்டுப் பையன்னு தெரியும்லா? அப்புறம் ஏம்மா கறி வச்ச?''

''நான் எங்கல வச்சேன்?'' என்றாள் அம்மா. ''ஒனக்கு ஞாபகமே கெடையாது. அந்தப் பிள்ளைக்குன்னு தனியா பருப்பும் ரசமும் வச்சிருந்தேன். நீ கை கழுவ எந்திச்சுப் போயிட்ட. ரசம் ஊத்த வந்தேன். 'அத்தை, அந்தக் குழம்புல கொஞ்சம் ஊத்துங்க'ன்னான். 'வேண்டாம்யா, ஒங்க வீட்டுல ஏசுவாங்க'ன்னேன். 'வாசனை நல்லா இருக்கு அத்தை'ன்னான். ரெண்டு தடவ வாங்கித் தின்னான்.''