மோனேயின் அல்லிக்குளமும் மயிலைத் தெப்பக்குளமும்

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே, லெ ஆவ்ர் துறைமுகத்தின் சூரியோதயத்தை 1872இல் தீட்டி, 1874ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைத்த படத்திலிருந்து பெயர் பெற்றது இம்ப்ரெஷனிசம். பொருளின் திட்டமான உருவத்தைவிட, அதன்மீது விழுந்து நொடிக்கு நொடி மாறும் ஒளி கண்ணில் விட்டுச்செல்லும் பதிவையே பெரிதாகக் கொண்ட ஓவிய நெறி அது. பூந்தோட்டம், படகு, நடனமாடும் சிறுமியர் என அதன் பொருள்கள் இனிமையாக இருப்பதால் இந்த ஓவியங்கள் குழந்தைகளுக்கு எளிதில் பிடித்துவிடும் என்று கருதப்படுவதுண்டு. ஆயினும் இவ்வோவியர்களின் சாதனை பார்க்கும் முறையில் இருப்பதாலும், பார்க்கும் முறையை இலக்கணம்போல் ஒப்பிக்கவைக்க முடியாது என்பதாலும், ஐந்தாறு வயதுக் குழந்தையிடம் அதைக் கொண்டுசேர்க்கக் கதையே தக்க வழியாகிறது.

அவ்வழியில் மிக நேர்த்தியாகச் சென்ற நூல், கிறிஸ்டினா பியோர்க் எழுத லேனா ஆண்டர்சன் படம் வரைந்து 1985இல் ஸ்வீடனில் வெளிவந்தது. லின்னேயா என்னும் சிறுமி, தோட்டக்காரராக இருந்து ஓய்வுபெற்ற அண்டைவீட்டு முதியவருடன் பாரிசுக்குச் சென்று, மோனேயின் ஓவியங்களையும் ஷிவெர்னி கிராமத்தில் அவர் வளர்த்த தோட்டத்தையும் காண்பதே கதை. அருங்காட்சியகத்தில் அல்லி ஓவியத்தின் அருகே நிற்கும் லின்னேயாவுக்கு வெறும் வண்ணத் திட்டுகளே தென்படுகின்றன. பின்னுக்கு நகர்ந்ததும் அத்திட்டுகள் கூடி அல்லியாகவும் நீராகவும் ஆகிவிடுகின்றன. வண்ணங்களைத் தட்டில் குழைத்து ஒன்றாக்காமல், தனித்தனித் தீற்றல்களாகத் துணியில் இட்டு, அவற்றை இணைக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணிடமே விட்டுவிடும் உத்தியை, கலைச்சொல் எதுவுமின்றி ஒரு சிறுமியின் காலடி விளக்கிவிடுகிறது. இதைவிடச் சிறந்த ஓவியப் பாடம் குழந்தை இலக்கியத்தில் அரிது.

ஜேம்ஸ் மேஹ்யூவின் கேட்டி என்ற சிறுமியோ, 1997இல் வெளிவந்த கதையில், பாட்டியின் பிறந்தநாளுக்குப் பூப்பறிக்க மோனே, ரெனுவார் முதலியோரின் ஓவியங்களுக்குள்ளேயே இறங்கிவிடுகிறாள். குதூகலமான கற்பனைதான், ஆனால் சட்டகம் வாசலாக மாறியதும் தீற்றல் மறைந்து காட்சி மட்டுமே எஞ்சுவதால், ஓவியத்தை ஓவியமாகக் காணும் இன்பம் அதில் குறைவு.

சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம், அஞ்சலி ரக்பீர் எழுத்தில் அம்ரிதா ஷெர்கில் குறித்து வெளியிட்ட சிறார் நூல் வேறொரு பாதையைத் திறக்கிறது. புடாபெஸ்டில் 1913இல் பிறந்து, 1929 முதல் பாரிஸில் பயின்று, இம்ப்ரெஷனிசத்தை அடுத்து வந்த செசான், கோகன் ஆகியோரின் தாக்கத்தைப் பெற்ற அம்ரிதா, 1937இல் தென்னாட்டுப் பயணத்துக்குப் பின் சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராம மக்களைத் தீட்டினார். பாரிஸில் பழகிய தூரிகை நம் மண்ணின் மனிதரை வரைந்ததை அறியும் குழந்தைக்கு, மோனேயும் அயலார் அல்லர்.

தென்சென்னைக் குழந்தைக்கு மோனே இன்னும் நெருங்கியவராக வேண்டுமானால், கதை மயிலாப்பூரிலேயே நடக்கலாம். மோனே 1892 முதல் 1894 வரை ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை, எதிரே இடம் பிடித்து அமர்ந்து, வெவ்வேறு வேளைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக்கினார். கபாலீசுவரர் கோயிலின் மேற்கே குளமும், குளத்தின் மேற்கே இராமகிருஷ்ண மடம் சாலையும் இருப்பதால், அச்சாலையோரம் நிற்பவருக்குக் கிழக்கு இராசகோபுரம் காலையில் சூரியனை முதுகில் தாங்கி, சுதைச் சிற்பங்கள் ஒன்றோடொன்று கலந்த நீலச்சாம்பல் திரளாகத் தோன்றும். மேற்கு வெயில் நேராகப் படும் மாலையில், அதே கோபுரத்தில் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் தனித்தனியே எழும். தைப்பூசத்தை ஒட்டிய தெப்பத்தின்போது விளக்கொளி அலையில் உடைந்து, நீரில் சிறு சிறு பொன் தீற்றல்களாக மிதக்கும். நிழலென்றால் கருப்பு கிரேயானை எடுக்கும் குழந்தை, வெயில் ஏறும் வேளையில் படிக்கட்டின் நிழலில் நீலம் கலந்திருப்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டால், இம்ப்ரெஷனிஸ்டுகள் நிழலுக்கு நீலமும் ஊதாவும் இட்ட காரணத்தை யாரும் விளக்கத் தேவையிராது. பட்டினப்பாக்கம் கரையில் படகுகளுக்கு அப்பால் எழும் காலைச் சூரியனும் மோனேயின் துறைமுகத்துச் சூரியனுக்கு உறவுதான்.

இத்தகைய நூலின் வெற்றி அச்சையும் பொறுத்தது. மோனேயின் அந்தச் சூரியோதயமே 48 செ.மீ. உயரமும் 63 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய ஓவியம். அதையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால், நீரில் நெளியும் ஆரஞ்சுத் தீற்றல்கள் வழவழப்பான கோடாகிவிடும். ஆகவே ஒரு பக்கத்தில் தீற்றலைப் பெரிதாக்கியும், பக்கத்தைப் புரட்டியதும் முழு ஓவியத்தையும் காட்டும் அமைப்பே சிறந்தது. லின்னேயா பின்னுக்கு நகர்ந்த அனுபவத்தைப் புரட்டும் விரல் பெற்றுவிடும். 1841இல் கண்டுபிடிக்கப்பட்ட தகரக் குழாயில் அடைத்த வண்ணம்தான் ஓவியர்களைச் சுலபமாக வெளியே வரவழைத்தது என்ற செய்தியும் கதைக்குள் ஒரு நிகழ்ச்சியாக வந்துவிட்டால் போதும், வாழ்க்கைக் குறிப்புப் பட்டியல் வேண்டாம்.

தமிழ்ச் சிறார் எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து இப்படியொரு நூலைச் செய்ய வேண்டும். 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு அதை வாசித்துக் காட்ட ஏற்ற இடம். அதுவரை, கையிலிருக்கும் ஓவியக் கதைநூல் எதுவாயினும், பெற்றோர் அதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டிவிட்டு, ஒரே நாளில் காலையும் மாலையும் தெப்பக்குளத்தின் மேற்குக் கரைக்கு அழைத்துச்சென்று, கோபுரம் இப்போது என்ன நிறம் என்று கேட்பார்களாக.