அளவுக் கருவிக்கே முதல் பணம்

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பெரிய சாமான்களில்தான் முதலில் பணத்தைப் போடுகிறார்கள்: செயின் பிளாக், எஞ்சின் ஸ்டாண்ட், ஹைட்ராலிக் பிரஸ், பெரிய சாக்கெட் பெட்டி. எஞ்சினைக் கழற்ற இவை போதும். எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்று இவை சொல்லாது. அதைச் சொல்பவை இரண்டு மைக்ரோமீட்டர், ஒரு போர் கேஜ், காந்த அடியுள்ள ஒரு டயல் கேஜ். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு இவற்றுக்குப் போக வேண்டும் என்பேன். கிராங்க் ஷாஃப்டில் ஒருமுறை கிரைண்ட் செய்து எடுத்த உலோகம் திரும்ப வராது. இதற்கான மெட்டல் பேரிங் 10, 20, 30, 40 தௌ என்ற படிகளில் வரும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. இனி அவசியமில்லாமல் இறங்கும் ஒவ்வொரு படியும் அந்தக் கிராங்கின் ஆயுளில் கால் பங்கைத் தின்றுவிடுகிறது.

மைக்ரோமீட்டரில் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது 0–25 மி.மீ. வகை. இந்த வேலைக்கு அது உதவாது. கனெக்டிங் ராட் உட்காரும் ஜர்னல் ஏறத்தாழ 47.6 மி.மீ., மெயின் ஜர்னல் 50.8 மி.மீ. ஆகவே 25–50, 50–75 என இரண்டும் வேண்டும். வெர்னியர் ஒன்றே போதாதா என்பார்கள். சாதாரண வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ., அதாவது முக்கால் தௌவுக்குச் சற்று மேல். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே ஓரிரண்டு தௌதான் என்னும்போது, அந்தக் கருவியை நம்பி முடிவெடுக்க முடியாது. பிரிவுகள் துல்லியமாக வெட்டப்பட்ட, பேட்டரி இல்லாத மைக்ரோமீட்டரே நீண்ட நாள் உழைக்கும். கூடவே வரும் அளவுத் தண்டை வைத்து முதலில் சைபர் சரிபார்க்க வேண்டும்.

போர் கேஜ் பழகச் சற்றுக் கடினமான கருவி. இந்தக் கூட்டத்தில் அதிகம் கற்றுத் தருவதும் அதுதான். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் நின்று திரும்பும் உயரத்திலும், பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையிலும் தேய்மானம் அதிகம். 73.025 மி.மீ. போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள் வரும். கேஜை உள்ளே விட்டு முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டும்போது முள் ஓரிடம் வரை போய்த் திரும்பும். அந்தத் திருப்பம்தான் உண்மையான விட்டம். வெயிலில் கிடந்த பிளாக்கை அளக்கக் கூடாது. வார்ப்பிரும்பு 15 டிகிரி கூடுதலாகச் சூடானால் இந்த விட்டம் ஏறக்குறைய அரை தௌ விரியும். பிளாக்கையும் கேஜையும் இரவு முழுக்க ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் அளப்பது நல்லது.

இதையெல்லாம் லேத் பட்டறையே பார்த்துக்கொள்ளுமே என்பது நியாயமான கேள்வி. நல்ல பட்டறைகள் அளக்கத்தான் செய்கின்றன. ஆனால், அடுத்த படிக்கு இறக்குவதா, வெறும் பாலிஷோடு விடுவதா என்ற முடிவு வண்டிக்காரருடையது. வேலை முடிந்து வந்த ஜர்னல் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே மைக்ரோமீட்டர்தான் வேண்டும். நகத்தால் தடவியே தேய்மானம் சொல்லும் மூத்த மெக்கானிக்குகளின் கைத்திறனை மதிக்கிறேன். போரின் மேல்விளிம்பில் நிற்கும் மேட்டை அந்த நகம் தவறாமல் காட்டும். ஜர்னல் ஒரு தௌ நீள்வட்டமாகியிருப்பதை எந்த நகமும் காட்டாது. எப்போதோ ஒருமுறை வரும் வேலைக்கு இவ்வளவு செலவா என்பவர்கள், தூக்கும் சாமான்களை வாடகைக்கு எடுக்கலாம். எஞ்சின் ஸ்டாண்ட் பிளாக்கின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்வதால் பிளைவீலையும் கிளட்சையும் அதிலிருந்தபடி மாட்டவே முடியாது. கனத்த மர மேசை அந்த வேலைக்கு மேல்.

ஸ்பானரைப் பொறுத்தவரை அங்குல செட் கட்டாயம். அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பானர் 0.3 மி.மீ. ஆடும், இறுகிப்போன நட்டின் முனை மழுங்க அதுவே போதும். கிளிக் வகை டார்க் ரெஞ்ச் அவசியமானாலும், ஐஎஸ்ஓ தரமே நான்கு சதவீதப் பிழையை அனுமதிக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதைக் கொண்டு நட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

டயல் கேஜின் பயன் எஞ்சினோடு முடிவதில்லை. பின் ஆக்சிலைப் பிரித்தவர் கிரவுன் வீல் பல்லின்மேல் அதன் முனையை வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆட்டிப் பார்த்தால், பற்களுக்கிடையே எத்தனை தௌ விளையாட்டு இருக்கிறது என்பது முள்ளிலேயே தெரியும். பல்லில் நீல மசியைப் பூசிச் சுற்றினால் தடம் எங்கே விழுகிறது என்பதும் தெரியும். சத்தம் வருகிறது என்பதற்காக கிரவுன் பினியனையே ஜோடியாக மாற்றச் சொல்வது வழக்கம். பல வண்டிகளில் பேரிங்கை மாற்றி, ஷிம்மைத் திருத்தி, இந்த இரண்டையும் மறுபடி பார்த்தால் பழைய ஜோடியே ஓடும்.