மாற்றினால் மாறும் கட்டங்கள்

எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் அரிசி விலை, அடுத்ததில் எத்தனை கிலோ, மூன்றாவதில் இரண்டையும் பெருக்கும் சூத்திரம். விலையைத் திருத்தியதும் தொகை மாறுகிறது. அதை நம்பியிருக்கும் மாத மொத்தமும் கூடவே மாறுகிறது. எதை முதலில் கணக்கிடுவது என்று நாம் சொல்லவில்லை. எது எதைச் சார்ந்தது என்று மட்டும் சொன்னோம். நிரல் எழுத இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்குத் தந்த விசிகால்க் என்ற விரிதாள் நிரல், வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோதான் கணக்கிட்டது. மேலே உள்ள கட்டம் கீழே உள்ளதைச் சார்ந்திருந்தால் இன்னொரு முறை கணக்கிடச் சொல்ல வேண்டியிருந்தது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாள், சார்புகளைப் பின்தொடர்ந்து கணக்கிடும் வரிசையைத் தானே கண்டுகொண்டது. என்ன அருமையான யோசனை! ஒரு கட்டம் சுற்றி வந்து தன்னையே சார்ந்தால் மட்டும், எக்செல் இன்றும் நம்மை நிறுத்தி எச்சரிக்கிறது.