செவியற்ற வாசகனுக்கு ஓர் இசைக் கையேடு

எந்த நூலும் தன் வாசகன் யாவன் என்ற எடுகோளுடனேயே எழுதப்படுகின்றது. தொழில்நுட்பக் கையேடுகளை இலக்கியத் திறனாய்வாளர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், வாசகன் மாறும்போது உரைநடை எவ்வாறு மாறுகின்றது என்பதை அறிய அவற்றினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இன்று அவற்றுக்குப் புதியதொரு வாசகன் தோன்றியுள்ளான். செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் நிரல், மனிதன் இட்ட பணியை ஏற்று, கையேட்டைத் தானே வாசித்துக் கருவியைத் தானே இயக்குகின்றது. 2024 நவம்பரில் வெளியிடப்பட்ட மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டோகோல் என்னும் நெறிமுறையின்படி, ஒவ்வொரு கருவியும் தன் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகியவற்றை முகவருக்கு அறிவிக்கின்றது. பெரும்பாலும் சில வரிகளே கொண்ட அவ்விளக்கத்திலே எதனைச் சொல்வது, எதனை விடுவது என்பது வெறும் எழுத்து நுட்பப் பிரச்சினையன்று. சீசவுண்ட் என்னும் இசை மென்பொருளைக் கொண்டு இதனை நோக்குவோம்.

1957இல் பெல் ஆய்வுகூடத்திலே மக்ஸ் மத்தியூஸ் எழுதிய மியூசிக் நிரலின் வழிவந்தது சீசவுண்ட். 1980களின் நடுப்பகுதியில் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே பரி வேர்க்கோ அதனை ஆக்கினார். பின்னர் அது கட்டற்ற மென்பொருளாயிற்று. வேர்க்கோ தொடக்கிய கையேட்டை இசைஞரும் நிரலாளருமாகப் பலர் கூடி வளர்த்தனர். ஒவ்வொரு செயற்கட்டளைக்கும் விளக்கம், தொடரமைப்பு, தொடக்கநிலை, செயற்பாடு, எடுத்துக்காட்டு என்ற ஒழுங்கிலே அது அமைந்துள்ளது. நேர்மையும் நுணுக்கமும் வாய்ந்த உரைநடைதான். எனினும் சூத்திரப் பாங்கானது. நமது மரபிலே சூத்திரத்தின் சுருக்கத்துக்கு உரையும் ஆசிரியரும் துணைநின்றமை போல, இங்கே வாசகனின் செவி துணைநின்றது.

ஓர் எடுத்துக்காட்டு. 440 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய சுரத்தை அம்மீடிறனாலேயே குறிக்கலாம், 8.09 எனவும் குறிக்கலாம், 8.75 எனவும் குறிக்கலாம். 8.09 என்பதிலே புள்ளிக்குப் பின் நிற்பது ஒன்பதாம் அரைச்சுரம், 8.75 என்பதிலோ ஸ்தாயியின் முக்காற் பங்கு. முதல் முறையில் எழுதியதை மற்றைய முறையில் வாசித்தால் எட்டு அரைச்சுரமளவு தாழ்ந்த ஒலி எழும். இசைஞன் முதற் கணத்திலேயே பிழையை உணர்வான். முகவரோ, எண் ஏற்கப்பட்டது, பணி முடிந்தது என அறிக்கையிடும். 'சுருதி: ஓர் எண்' என்ற அளவிலே நின்றுவிடும் விளக்கம் அதனை வழிதவறச் செய்கின்றது.

வீச்சத்தின் நிலை இன்னும் தெளிவானது. சீசவுண்டின் ஆறாம் பதிப்பிலே, வேறு அளவு குறிக்கப்படாவிடில், உச்ச வீச்சம் 32768. அதனை 1 எனக் கருதி 0.5 என்று எழுதினால் வெளிவருவது செவிக்கு எட்டாத ஒலியே. ஆயினும் வழு எதுவும் அறிவிக்கப்படாது. எல்லை மீறிய மாதிரிகள் பூச்சியம் என்றே இறுதியிலே பதிவாகும். இயந்திரத்தின் கணக்கிலே வெற்றி. இசையின் கணக்கிலே மௌனம். எனவே, முகவருக்கான ஆவணம் அலகு, எல்லை, இயல்புநிலை மதிப்பு ஆகியவற்றை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வழுவின்மையை வெற்றியெனக் கொள்ளாது, இறுதியிலே பதிவாகும் வீச்ச அளவை உச்ச வீச்சத்துடன் ஒப்பிடுமாறும் பணித்தல் வேண்டும்.

இவ்விடத்திலே இரு தவறான நிலைப்பாடுகளை விலக்கவேண்டியுள்ளது. இசைஞனின் அனுபவம் சொல்லுக்கு அப்பாற்பட்டது என்பது ஒன்று. மேற்கூறிய இரு வழுக்களையும் சில வாக்கியங்களால் தடுக்கலாமாகையால் அது பொருந்தாது. பெரும்பாலும் தேர்ச்சியின் மறைபொருளாகப் போற்றப்பட்டது, எழுதாமல் விடப்பட்ட அறிவே. எல்லாவற்றையும் எழுதிவிட்டால் மனிதன் தேவையில்லை என்பது மற்றையது. வீச்சத்தை அளக்கலாம், அவ்வொலி அந்த இடத்துக்கு ஏற்றதா என்ற தீர்ப்போ கேட்போர் சமூகத்தின் பழக்கத்திலும் தேவையிலும் வேரூன்றியது.

சமூகத்தின் பொது அறிவு இயந்திரத்திலே உறைந்து, உழைப்பாளிக்கு எதிரே அந்நிய ஆற்றலாக நிற்பதை 1857-58 ஆண்டுக் குறிப்பேடுகளிலே மார்க்ஸ் விளக்கினார். பலருடைய கூட்டுழைப்பால் விளைந்த கையேடு இன்று முகவரின் மூலப்பொருளாகின்றது. அதன் பயன் எவரைச் சேரும் என்பதை அதன் நடை மட்டும் தீர்மானிப்பதில்லை. கருவியும் ஆவணமும் எவர் உடைமை என்பதே அடிப்படை. ஆயினும் எழுதுவோர் கையிலும் ஒரு தெரிவு உண்டு. முகவருக்கெனத் தனியாகச் சுருக்கி எழுதி, மனிதனுக்கான விளக்கத்தைக் கைவிட்டால், அடுத்த தலைமுறை மாணவன் கருவியை ஏவ மட்டுமே அறிவான். அதன் பிழையைக் கேட்டறிய மாட்டான். அலகையும் எல்லையையும் வெளிப்படையாகச் சொல்லும் உரை முகவருக்கு வேண்டியதாயின், ஆசிரியரின்றித் தனியே கற்கும் மாணவனுக்கு அது அதனினும் வேண்டியது. இருவருக்கும் ஒரே நூல் போதும். அந்நூல், எங்கே அளவு முடிந்து கேட்டல் தொடங்குகின்றதோ அங்கே முகவரை நிறுத்தி மனிதனை அழைக்கவேண்டும்.